மார்கழிக் குளிரில் புறாக்குஞ்சைக் காப்பாற்றுவது எப்படி?

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கும் ஊர். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் ஒதுங்கி எழும். இந்த ஊருக்கு மலை நிற்பதும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையைத் தாண்டித்தான் வெயில் முற்றத்துக்கு வர வேண்டும். திருவண்ணாமலை நகரத்துத் தெருக்களில் வெயில் ஏறிய பிறகும் இங்கே கூண்டுத் தகரத்தில் பனி காயாமல் கிடக்கும். பெரியவர்களுக்கு ஒரு போர்வையோடு போய்விடும் குளிர்தான். ஆனால், முட்டையிலிருந்து வெளிவந்த அன்று 15 முதல் 18 கிராம் எடையே இருக்கும் புறாக்குஞ்சுக்கு, வெயில் வராத அந்தக் காலைப்பொழுது உயிர்ப் பிரச்சினை.

குளிரில் இறந்த குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தீனிப்பை காலியாக இருக்கும், அல்லது அடிவயிறு ஈரமாக இருக்கும். காய்ந்த படுக்கையில், நிறைந்த தீனிப்பையோடு, தாயின் மார்புக்கடியில் கிடக்கும் குஞ்சு இந்த ஊர்க் குளிரைத் தாங்கிவிடும். வளர்ந்த புறாவின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைவிட நல்ல கணப்பை நாம் செய்துவிட முடியாது. தாயும் தகப்பனும் தங்கள் வேலையைத் தடையில்லாமல் செய்ய வழி செய்வதுதான் நம் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகவே.

1. ஜோடி சேர்க்கும் நாள்

ஜோடி சேர்த்து எட்டு முதல் பத்து நாளில் பெட்டை முதல் முட்டை இடும். இரண்டாவது முட்டை விழுந்து ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு பொரியும். ஐப்பசியில் ஜோடி போட்டால் கார்த்திகை அடைமழையில் குஞ்சு கிடைக்கும். அது கெட்ட நேரம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை, மறுநாள் இதே மலையின் அடிவாரத்தில் மண்சரிவையும் உயிரிழப்பையும் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மழையில் எந்தக் கூண்டையும் காய வைத்திருக்க முடியாது.

இன்னொரு காரணம் கார்த்திகை தீபம். லட்சக்கணக்கானவர்கள் கிரிவலம் வரும் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரவு முழுக்கச் சத்தமும் வெளிச்சமும் இருக்கும். மிரண்டு முட்டைச் சட்டியை விட்டு இறங்கும் பெட்டைக்குக் கூண்டின் இருட்டில் திரும்பி ஏற வழி தெரியாது.

எனவே தீபம் முடிந்து, மழையும் ஓய்ந்தபின் ஜோடி சேருங்கள். 2024இல் தீபம் டிசம்பர் 13. அன்று சேர்த்த ஜோடிக்குக் குஞ்சு பொரிப்பது பொங்கலை ஒட்டி வரும். குளிர் இருக்கும், ஆனால் அது காய்ந்த குளிர். ஏற்கெனவே குஞ்சு வளர்த்துப் பழகிய ஜோடிகளை மட்டும் எடுங்கள். முதல் ஈடு வைக்கும் இளம் ஜோடியைப் பங்குனி வரை பிரித்தே வையுங்கள். குளிர்காலம் அவற்றுக்குப் பழகும் காலம் அல்ல.

2. கூண்டை மறைத்தல்

இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கூண்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களைப் பலகையாலோ சாக்காலோ தரையிலிருந்து முக்கால் உயரத்துக்கு மறையுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாண் அளவு திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷீட்டால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவது தவறு. புறாக்களின் மூச்சில் வரும் ஈரமும், எச்சத்திலிருந்து எழும் அமோனியா நெடியும் உள்ளேயே தங்கும். விடிகாலையில் உள்ளே தலையை நீட்டினால் கண் எரியக் கூடாது. மறைப்பின் உள்பக்கம் நீர் கோக்கக் கூடாது. இவை இரண்டும் இல்லையென்றால் காற்றோட்டம் சரி.

மேற்குப் பக்கத்தை மறைக்காதீர்கள். காலையில் நமக்குக் கிடைக்காத வெயில் மாலையில் அந்த வழியாகத்தான் கிடைக்கும். தரையிலும் சட்டி வைக்கும் தட்டிலும் பலகை போடுங்கள். சிமெண்டுத் தளம் இரவில் சில்லிட்டுவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் எலியும் பெரிய பாம்பும் உள்ளே வராது. மலையடிவாரத்துப் பாம்பு கூண்டுக்கு வருவது உண்டு. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை இரவு முழுக்க எரியவிடுங்கள். மிரண்டு இறங்கிய பெட்டைக்கு அந்த வெளிச்சம் சட்டிக்குத் திரும்பும் வழியைக் காட்டும்.

3. சட்டியும் படுக்கையும்

எட்டு முதல் ஒன்பது அங்குல அகலமும் மூன்று அங்குல ஆழமும் உள்ள மண்சட்டி நல்லது. ஆனால், வெறும் மண் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு மரத்தூளோ காய்ந்த மணலோ போட்டு, அதன்மேல் படுக்கைக்கான குச்சிகளை வையுங்கள். சவுக்குச் சருகு, வேப்பங்குச்சி, துடைப்பத்து ஈர்க்கு ஆகியவற்றை விரல் நீளத்துக்கு ஒடித்துக் கூண்டில் போட்டால், ஆண் பொறுக்கிக் கொடுக்கும், பெட்டை அடுக்கிக்கொள்ளும். தேங்காய் நாரும் நூலும் வேண்டாம். குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் கால் போய்விடும்.

வழவழப்பான சட்டியில் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். அது நிற்க முடியாமல் வளரும். குளிருக்காக வைக்கும் படுக்கை இதையும் தடுக்கிறது. ஜோடிக்கு இரண்டு சட்டி ஒதுக்குங்கள். காரணம் கடைசிப் படியில் வரும்.

4. முட்டைகளை ஒரே நாளில் பொரிக்க வைத்தல்

முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் இடையே கிட்டத்தட்ட 44 மணி நேரம் இருக்கும். பெட்டை முதல் முட்டையின் மேல் முழுச் சூட்டோடு உட்காராவிட்டாலும், முதல் குஞ்சு முன்னதாகப் பொரிப்பது உண்டு. வெயில் காலத்தில் இதனால் பெரிய நட்டமில்லை. குளிரில், ஒரு நாள் மூத்த குஞ்சு தீனியையும் சூட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இளையது சிறுத்துப்போய், பிறகு இறந்துவிடும்.

முதல் முட்டையை எடுத்துவிட்டு டம்மி முட்டையை வையுங்கள். எடுத்ததை வீட்டுக்குள், நெல் நிரப்பிய கிண்ணத்தில், அகன்ற முனை மேலே இருக்கும்படி வைத்து, தினம் ஒரு முறை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டாவது விழுந்ததும் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஆறாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தால், கரு ஏறிய முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். பொரித்தாலும் தனிக்குஞ்சு ஆகப்போகிறது என்றால் அதை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

5. பெற்ற புறாக்களுக்குத் தீனி

புறாக்குஞ்சின் முதல் உணவு தானியம் அல்ல, புறாப்பால். பெற்றவை இரண்டின் தீனிப்பைச் சுவரும் தடித்து, உதிர்ந்து, தயிர்க்கட்டி போல வரும் பொருள் அது. புரதமும் கொழுப்பும் நிறைந்தது. 1786இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இதை விவரித்து எழுதினார். 1933இல் அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய குழுவினரும் இந்தப் பாலைத் தூண்டும் ஹார்மோனைப் பிரித்தெடுத்து, புரொலாக்டின் என்று பெயரிட்டார்கள். பொரிக்கும் நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாகத்தான் பால் தயாராகும். முதல் மூன்று நான்கு நாள் குஞ்சுக்கு அது மட்டுமே உணவு. பிறகு ஊறிய தானியம் கலக்கும். பத்தாம் நாளை ஒட்டிப் பால் நின்றுவிடும்.

ஆகவே முட்டை பொரிக்கும் வாரத்திலிருந்தே தீனியைக் கூட்டுங்கள். கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றோடு ஒரு பிடி வறுக்காத நிலக்கடலையையும் கலக்கலாம். குளிரில் உடம்பைச் சூடாக வைக்க மக்காச்சோளமும் கடலையும் உதவும். பயறு குஞ்சின் வளர்ச்சிக்கு. மழைக்காலத்து மூட்டையில் பூஞ்சை ஏறியிருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அதிலும் கடலையில், மக்காச்சோளத்தில் வரும் பூஞ்சை நஞ்சு முதலில் குஞ்சைத்தான் கொல்லும். கிளிஞ்சல் தூள், செங்கல் தூள், மணல் கலந்த கிரிட் எப்போதும் இருக்கட்டும்.

மார்கழியில் இரவு பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொடுகிறது. இருட்டியதும் பெரிய புறா தீனி எடுக்காது, குஞ்சுக்கும் கொடுக்காது. இந்த நீண்ட பட்டினியைக் குறைப்பதே குளிர்கால வளர்ப்பின் மையம். கூண்டில் இரவு எட்டு மணி வரை பெரிய விளக்கு எரிய விடுங்கள். ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் தீனி வையுங்கள். காலையில் மலை நிழல் விலகும்வரை காத்திராமல் ஐந்தரைக்கே விளக்கைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் தீனியும் கொடுங்கள். இதைவிட அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றும் வேறு ஒரு வேலை இந்தப் பட்டியலில் இல்லை.

6. பொரிக்கும் நாளும் முதல் ஐந்து நாளும்

ஓட்டில் விரிசல் தெரிந்ததும் பொறுமை வேண்டும். குஞ்சு ஓட்டை வட்டமாக உடைத்து வெளிவர ஒரு நாள் வரை ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டைப் பிய்த்தால், உள்ளே இன்னும் காயாத ரத்தக்குழாய் அறுந்துவிடும். வெளிவந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் சில மணி நேரம் தீனிப்பை காலியாக இருந்தாலும் பயமில்லை. மறுநாள் காலியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பார்ப்பதற்கும் நேரம் உண்டு. காலை பத்து மணியை ஒட்டி ஆண் உட்கார வரும். மாலையில் பெட்டை திரும்பும். இந்தக் கைமாற்றும் நேரத்தில் மட்டும் சட்டியைப் பாருங்கள். தீனிப்பையை விரலால் தொட்டால் மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். வயிறு உங்கள் விரலைவிடச் சூடாக இருக்க வேண்டும். மஞ்சள் பூமுடி இல்லாமல் ஏறக்குறைய வெறும் தோலோடு பிறக்கும் குஞ்சுகளும் உண்டு. வெளிறிய நிறப் புறாக்களுக்கு அப்படிப் பிறக்கும். அந்தச் சட்டியைக் கூண்டின் மிகக் கதகதப்பான மூலையில் வையுங்கள்.

இந்த நாட்களில் பெற்ற புறாக்களைத் தூறலில் பறக்கவிடாதீர்கள், மாலையில் குளிக்கத் தண்ணீர் வைக்காதீர்கள். நனைந்த மார்போடு வந்து உட்காரும் தாய், குஞ்சின் சூட்டைத் தான் எடுத்துக்கொள்ளும்.

7. ஆறாம் இரவிலிருந்து பன்னிரண்டாம் இரவு வரை

முதல் வாரம் தாண்டியதும் ஆபத்து போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. ஏழாம் நாளை ஒட்டிப் பெட்டை இரவில் குஞ்சின் மேல் உட்காருவதை நிறுத்தத் தொடங்கும். குஞ்சுக்கோ முள் இறகுதான் முளைத்திருக்கும். போர்த்த இறகு இல்லை. இரண்டு குஞ்சு இருந்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தப்பிக்கும். தனிக்குஞ்சுக்கு அந்தத் துணை இல்லை.

எனவே தனிக்குஞ்சை, அதே வயதுக் குஞ்சு ஒன்றே ஒன்று உள்ள வேறு சட்டியில் சேருங்கள். வயது வித்தியாசம் இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. பால் சுரப்பதும் நிற்பதும் நாள் கணக்கில் நடப்பதால், கொண்டுபோய் வைக்கும் ஜோடியிடம் குஞ்சின் வயதுக்கு ஏற்ற உணவு இருக்க வேண்டும். எச்சத்தால் நனைந்த படுக்கையை இந்த வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். சட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து முன்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் இரவுக்குப் போதுமான மறைப்பு.

விளக்குச் சூடு தேவைப்பட்டால் பழைய குண்டு பல்பு 40 வாட்ஸ் போதும். எல்இடியில் சூடு வராது. சட்டிக்கு நேர் மேலே தொங்கவிடாமல் பக்கவாட்டில் ஓர் அடி தள்ளி மாட்டுங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். கரியடுப்பும் சாம்பிராணிப் புகையும் கூண்டுக்குள் கூடவே கூடாது. பறவைகளின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது.

8. சில்லிட்ட குஞ்சைக் கண்டால்

அசையாமல், கைக்குக் குளிர்ச்சியாகக் கிடக்கும் குஞ்சை இறந்ததாக முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளங்கைகளுக்குள் மூடி, பிறகு பருத்தித்துணியில் சுற்றி, துணி போர்த்திய வெந்நீர்ப் பாட்டிலின் அருகில் வையுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெதுவாகச் சூடு ஏறட்டும். சூடு ஏறும்வரை ஒரு சொட்டும் வாயில் விடக் கூடாது. குளிர்ந்த உடம்பில் செரிமானம் நின்றிருக்கும். உள்ளே போனது புளித்துக் குஞ்சைக் கொன்றுவிடும்.

கால் உதைத்து, தலை தூக்கியதும் தாயிடம் திருப்பி வையுங்கள். தாய் ஏற்காவிட்டால் வேறு ஜோடி. அதுவும் இல்லாதபோதுதான் கையால் ஊட்டுவது: கோழிக்குஞ்சுத் தீவனத்தை மாவாக்கி, உடம்புச் சூட்டுத் தண்ணீரில் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுங்கள். முதலில் கொடுத்தது தீனிப்பையில் ஏறத்தாழக் கரைந்த பிறகே அடுத்தது. மாட்டுப்பால் வேண்டாம், அதன் சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது. புறாப்பாலே குடிக்காத குஞ்சைக் கையால் ஊட்டிப் பிழைக்க வைப்பது மிகக் கடினம்.

9. ஈடு முடிந்ததும்

நான்கு வாரத்தில் குஞ்சு தானாகத் தீனி பொறுக்கும். அதற்கு முன்பே, குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகும்போது, பெட்டை அடுத்த முட்டையை இடும். அதற்குத்தான் இரண்டாவது சட்டி. இல்லையென்றால் முட்டையைக் குஞ்சு மிதிக்கும், பெட்டை குஞ்சைக் கொத்தும். அந்த முட்டைகளை எடுத்து டம்மி முட்டைகளை வையுங்கள். ஆண் குஞ்சுக்கு ஊட்டி முடிக்கட்டும். பிறகு ஜோடியைப் பிரித்து, பங்குனி வரை ஓய்வு கொடுங்கள்.

குளிரில் ஒரு ஈடு வளர்க்கப் பெற்றவை தங்கள் உடம்பையே கரைத்துக் கொடுக்கின்றன. உடனே இன்னொரு ஈடு கேட்டால் பால் குறையும், குஞ்சு சிறுக்கும், பெட்டை ஒடுங்கும். எத்தனை சட்டியை நம்மால் காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் தவறாமல் கவனிக்க முடியுமோ, அத்தனை ஜோடி மட்டும் சேர்ப்பதே புறா வளர்ப்பவருக்கு நியாயம்.