கைமாறும் கார்கள் – 9: விலை இறங்கிய கார், விலை இறங்காத பழுது

பத்தாயிரம் டாலருக்கு ஒரு போர்ஷே கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? அமெரிக்காவில் 1997 மாடலாக போர்ஷே பாக்ஸ்டர் விற்பனைக்கு வந்தபோது அதன் அடிப்படை விலை ஏறக்குறைய 40 ஆயிரம் டாலர். 1999 மாடலாக அங்கே வந்த 911 கரேரா 65 ஆயிரத்தில் தொடங்கியது. முன்னதைக் கார்ப் பிரியர்கள் 986 என்றும் பின்னதை 996 என்றும் தொழிற்சாலை எண்ணால் குறிப்பிடுவார்கள். இன்று ஓடும் நிலையில் இருக்கும் 986 ஒன்றைப் பத்து, பதினைந்தாயிரம் டாலருக்குள் வாங்கிவிடலாம். 996 அதற்கு மேலே போகும் என்றாலும், 911 என்ற பெயர் தாங்கிய கார்களில் நெடுங்காலம் மிக மலிவாகக் கிடைத்தது அதுதான்.

இந்த மலிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலையும், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் கூடவே இறங்குவதில்லை. 40 ஆயிரம் டாலர் கார் பத்தாயிரத்துக்கு வந்த பிறகும் அதற்குப் பழுது பார்க்கும் செலவு 40 ஆயிரம் டாலர் காருக்கு உரியதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கை சுட்டுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு கணக்கில்தான் சறுக்குகிறார்கள்.

நெருக்கடியில் பிறந்த எஞ்சின்

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நஷ்டத்தில் தத்தளித்தது. நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வந்த வெண்டலின் வீடகிங், ஜப்பானிலிருந்து டொயோட்டா முறை உற்பத்தி வல்லுநர்களை வரவழைத்துத் தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினார். 1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரி வடிவம் வைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்பு நிறுவனத்துக்குப் புது நம்பிக்கை கொடுத்தது. பாக்ஸ்டரையும் புதிய 911-ஐயும் ஒரே குடும்பமாக உருவாக்கினார்கள். கதவு, முன்பக்கத் தகடு, முகப்பு விளக்கு எல்லாம் இரண்டுக்கும் பொது. எஞ்சினும் ஒரே அடிப்படையில் எழுந்ததுதான். அதன் பெயர் எம்96.

1960-களிலிருந்து 911 காற்றால் குளிர்ந்த எஞ்சினோடுதான் ஓடியது. புகைக் கட்டுப்பாடும் ஒலிக் கட்டுப்பாடும் இறுகியதால் அந்த முறையைத் தொடர முடியவில்லை. நீரால் குளிரும் எம்96 வந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தாலும் இந்த இரண்டு கார்களும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கும் மேல் தயாராகி நிறுவனத்தைக் காப்பாற்றின. இன்றைய போர்ஷேயின் செல்வம் இவற்றின் மேல் எழுந்தது. அந்த நன்றியோடுதான் இவற்றின் குறைகளையும் பேச வேண்டும்.

ஒரு பேரிங்கின் கதை

எம்96 எஞ்சினின் உள்ளே, கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே ஒரு தண்டு சுழல்கிறது. அதை இடைத்தண்டு என்போம், கார்க்காரர்கள் ஐ.எம்.எஸ். என்பார்கள். கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி, இரு பக்கமும் இருக்கும் கேம்ஷாஃப்டுகளுக்குச் செயின் வழியாகக் கடத்துவது அதன் வேலை. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற நேரக் கணக்கு முழுவதும் அதன் வழியாகவே போகிறது.

பழைய காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்களில் இந்தத் தண்டு வெறும் உலோகப் பட்டையில், அழுத்தத்தோடு வரும் ஆயிலில் மிதந்து சுழன்றது. எம்96-ல், கியர்பாக்ஸ் பக்க முனைக்கு மட்டும் சீல் வைத்து மூடிய, உள்ளே கிரீஸ் அடைத்த பால் பேரிங் ஒன்றை வைத்தார்கள். சூடும் ஆயிலும் பட்டுப் பட்டு, வருடக்கணக்கில் அந்த சீல் இறுகிக் கெட்டுப்போகிறது. உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து போகிறது. அதற்குப் பதிலாக நுழையும் ஆயில் அங்கேயே தேங்கிப் பழசாகிறது. நல்ல ஆயிலும் போகாமல், கிரீஸும் இல்லாமல் குண்டுகள் தேய்ந்து செதில் செதிலாக உரியத் தொடங்குகின்றன. பேரிங் உடைந்தால் தண்டு நிலை தவறும், செயின் தளரும், வால்வு நேரம் பிசகும். மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். அத்தோடு எஞ்சின் முடிந்தது. பல நேரங்களில் முன்னறிவிப்பே இருப்பதில்லை.

எல்லா வருடத்துக் கார்களிலும் ஒரே பேரிங் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் வந்தது இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்டது; ஓரளவு உறுதியானது. 2000 வாக்கில் தொடங்கி 2005 வரை வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு 2008 வரை பெரிய பேரிங் வந்தது. உடைவது குறைவு, ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. நிறுவனம் தந்த இறுதித் தீர்ப்பு என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2001-க்கும் 2005-க்கும் இடையே தயாரான கார்கள் தொடர்பான அந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. ஒற்றை வரிசை பேரிங்கில்கூட நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே உடைந்தன என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அப்படியானால் ஏன் இவ்வளவு பயம்? உடைந்தால் போவது ஒரு பாகத்தோடு நிற்பதில்லை, எஞ்சினே போய்விடுகிறது. மாற்று எஞ்சினோ முழுப் புதுப்பிப்போ 15 ஆயிரம் டாலரில் தொடங்கும். கார் வாங்கிய விலையை அது தாண்டிவிடும்.

மாற்றினால் என்ன ஆகும்?

இதற்குத் தீர்வு இருக்கிறது. அமெரிக்காவின் எல்.என். எஞ்சினியரிங் போன்ற நிறுவனங்கள் பீங்கான் குண்டு வைத்த பேரிங்கையும், அழுத்தத்தோடு ஆயில் பாயும் பழைய பாணித் தாங்கியையும் மாற்றுப் பாகங்களாகச் செய்து விற்கின்றன. அதை மாட்ட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கேம்ஷாஃப்டுகள் நகராமல் பூட்டிவிட்டுத்தான் பேரிங்கை உருவ முடியும். அனுபவப்பட்ட கைகள் செய்ய வேண்டிய வேலை இது.

இதில் சிக்கனத்துக்கும் வழி உண்டு. கிளட்ச் மாற்றும்போதும் இதே பாகங்களைத்தான் கழற்றுகிறார்கள். ஆகவே கிளட்ச், பேரிங், கிராங்க்ஷாஃப்டின் பின்முனை ஆயில் சீல் மூன்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டால் கூலி ஒருமுறையோடு போகும். இடத்தையும் பாகத்தையும் பொறுத்துச் சுமார் 3,000 முதல் 4,500 டாலர் வரை ஆகும். அந்தப் பின்முனை சீல் இந்தக் கார்களில் அடிக்கடி கசியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் துளி கண்டால் பதற வேண்டாம். அதனால் எஞ்சின் போய்விடாது. கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கும்போது பளபளக்கும் இரும்புத் துகள் இருந்தால் புது பேரிங் போட்டுப் பயனில்லை. அந்தத் துகள் ஏற்கெனவே எஞ்சின் முழுக்கச் சுற்றி வந்திருக்கும். முதலில் எஞ்சினின் உடல்நிலை, பிறகுதான் பேரிங்.

பேரிங்கிலேயே கண்ணாக இருந்தால் தவறும் பழுதுகள்

ஐ.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து அவ்வளவு பிரபலமாகிவிட்டதால், ‘பேரிங் மாற்றியாயிற்று’ என்ற ஒரே வாக்கியத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் கார்களைச் சத்தமில்லாமல் கொல்லும் வேறு பழுதுகள் இருக்கின்றன.

முதலாவது, சிலிண்டர் சுவரில் கோடு விழுவது. சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவரில் பிஸ்டன் உரசிக் கீறல் விழும். ஆயில் வேகமாகக் குறையும். ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி பிடிக்கும். எஞ்சின் சூடான பிறகு டக் டக்கென்று தட்டும் ஒலி கேட்கும். சிறிய 2.5, 2.7 லிட்டர் எஞ்சின்களைவிட பெரிய 3.6 லிட்டர் எஞ்சின்களில்தான் இது அதிகம். முறையாகச் சரிசெய்ய எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். செலவு 20 ஆயிரம் டாலரைத் தாண்டலாம். சிலிண்டருக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு விற்பவர் மறுத்தால் வேறு காரைப் பாருங்கள்.

இரண்டாவது, குளிர்விப்பு. தண்ணீர் பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் இறக்கை நாளடைவில் உடையும். உடைந்த துண்டுகள் கூலன்ட் போகும் வழியை அடைக்கும். ஓரிடம் மட்டும் அதிகமாகச் சூடேறி சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும். பம்பை முன்கூட்டியே மாற்றினால் ஆயிரம் டாலருக்குள் முடியும் வேலை, தள்ளிப்போட்டால் எஞ்சினில் போய் நிற்கும். ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலையிலும் இருக்கின்றன. காற்றோடு இழுபடும் சருகும் தூசியும் அங்கே சேர்ந்து, ஈரத்தில் மக்கி, ஏ.சி. கண்டன்சரை அரிக்கும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அதிகம் செலவாகாது. பாக்ஸ்டரின் பின்பக்க டிக்கியில் கம்பளம் ஈரமாக இருந்தால் கூலன்ட் டேங்க் விரிசல் விட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது, ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் சிறு கருவி. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறையும் அளவுக்கு வெண்புகை வரும். எஞ்சின் போய்விட்டதென்று பயந்து காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் டாலருக்குள் முடிகிற பழுது இது.

சின்னச் சின்னத் தொல்லைகளும் இருக்கின்றன. இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி அடிக்கடி போகும், பாகம் மலிவு. காயில்கள் வெடித்து எஞ்சின் திணறும். பாக்ஸ்டரின் துணிக்கூரையிலிருந்து மழைநீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். இருக்கைக்கு அடியில்தான் திருட்டுத் தடுப்புக்கான மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. சரிசெய்ய ஆயிரம் டாலருக்கு மேல் போகலாம். ஒரு குச்சியும் ஐந்து நிமிடமும் செலவழித்துத் துளையைக் குத்திவிட்டிருந்தால் வராத செலவு.

996 டர்போவும் ஜிடி3-யும் இந்த பேரிங் தொல்லை இல்லாதவை. ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும் வேறு எஞ்சின் அவற்றில் இருக்கிறது. அதிலும் பசையால் ஒட்டிய கூலன்ட் குழாய் இணைப்புகள் திடீரென்று கழன்று கூலன்ட் முழுவதும் கொட்டிவிடும். வெல்டிங் செய்துதான் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள்

‘இருபது வருடத்தில் முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். இந்த எஞ்சினைப் பொறுத்தவரை அது பெருமைக்குரிய செய்தி இல்லை. ஓடாமல் நிற்கும் காரின் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்து அந்த பேரிங்கை அரிக்கும். வாரந்தோறும் நன்றாகச் சூடேறும்வரை ஓடி, 5,000 மைலுக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ ஆயில் மாற்றிய லட்சம் மைல் கார், கொட்டகையில் மூடி வைத்த காரைவிட நம்பகமானது. நிறுவனம் ஆரம்பத்தில் குறித்துத் தந்த நீண்ட ஆயில் இடைவெளி இந்த எஞ்சினுக்கு நல்லதல்ல என்பதே இதை நாள்தோறும் பிரித்து மாட்டுபவர்களின் ஒருமித்த கருத்து.

ஆகவே முதலில் பில் கட்டைக் கேளுங்கள். ஆயில் எப்போது மாறியது, பம்ப் எப்போது மாறியது, பேரிங் மாறியிருந்தால் எந்த வகை, யார் மாட்டினார்கள் என்று தேதியோடு காகிதம் இருக்க வேண்டும். பிறகு, விற்பவருக்குத் தொடர்பில்லாத, போர்ஷே வேலை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோங்கள். ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது, சிலிண்டருக்குள் கேமரா விடுவது, எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் மிகைச் சுழற்சிக் கணக்கை எடுப்பது ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கியரைத் தப்பாகப் போட்டு எஞ்சினை எல்லை மீறிச் சுழற்றியிருந்தால், எந்த மணி நேரத்தில் நடந்தது என்பதுவரை அந்தக் கணக்கு காட்டிவிடும். எல்லாவற்றுக்கும் சில நூறு டாலர் ஆகும். கார் வேண்டாம் என்று திரும்பி வந்தாலும் அந்தப் பணம் வீணில்லை.

என் தீர்ப்பு

986-ம் 996-ம் ஓட்டுவதற்கு அருமையான கார்கள். கையில் பேசும் ஸ்டியரிங்கும், இருக்கைக்குப் பின்னாலிருந்து எழும் ஆறு சிலிண்டர் குரலும் இந்த விலைக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது. இவற்றை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கையாவது பழுதுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். 15 ஆயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கு மேல் கார் தேடாதீர்கள். அந்த ஒதுக்கீடு முடியாதென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள். இரண்டு கார்களில் எதை வாங்குவது என்று குழம்பினால், விலை குறைந்ததை விட்டுவிட்டு, பில் கட்டு தடிமனாக இருப்பதை வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: ஹோண்டா எஸ்2000 – ஒன்பதாயிரம் சுழற்சிக்குப் பழகிய எஞ்சினை எப்படிப் பரிசோதிப்பது?)