தறிக்குச் சத்தம் உண்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் தாத்தாவின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் முதலில் கண்ணில் படுவது தறிதான். வீட்டில் வெளிச்சம் நன்றாக வரும் அறை அதற்குத்தான். நாங்கள் மற்ற இடத்தில் உண்டு, உறங்கினோம். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தாத்தா மிதியை அழுத்துவார். நூலைச் சுமந்த நாடா இப்படியும் அப்படியும் ஓடும். விடியற்காலையில் தொடங்கும் அந்தச் சத்தம் தெரு முழுக்க ஒரே தாளத்தில் கேட்கும்.

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை தாத்தாவை யாரும் கூப்பிட மாட்டார்கள். உறவுக்காரர் வந்தால் பாட்டி திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பாள். "தறியில இருக்காரு, வந்துடுவாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். சத்தம் திடீரென்று நின்றால்தான் பாட்டி எட்டிப் பார்ப்பாள்: "இழை அறுந்துடுச்சா?"

2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெசவிலும் அதன் துணைவேலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீடுதான் தொழிற்கூடம். 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்ற சொல் நம் வீட்டுப் பேச்சில் புழங்கத் தொடங்கியது 2020-ல். அந்த வாழ்க்கை அதற்குப் பல தலைமுறை முன்பே இங்கே இருந்தது.

நான் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழைதிருத்துபவள். சென்னையில் இந்த வேலையைச் செய்து அனுப்பும் நிறுவனங்கள் நிறைய உண்டு. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதன்பின் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். முதல் ஆறு மாதம் நன்றாகவே போனது. பிறகு ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிற்று. காலையில் கணினியைத் திறப்பேன். பத்து மணிக்கு முடிக்கவேண்டிய பக்கங்கள் மதியம் இரண்டுக்கும் முடியாது. ராத்திரி பதினொன்றுக்கு எல்லோரும் தூங்கியபின் உட்கார்ந்து முடிப்பேன். என்னிடம் சோம்பல் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். ஊக்கம் பற்றிய காணொளிகள் பார்த்தேன், அதிகாலை ஐந்துக்கு எழுந்தேன். நான்காம் நாள் இன்னும் களைப்பாக இருந்தது.

ஒருநாள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் வாசலிலிருந்து கூப்பிட்டார்: "கண்ணு, சிலிண்டர் வந்திருக்குது. சும்மா உக்காந்துதானே இருக்கே, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கண்ணுக்கு நான் சும்மா உட்கார்ந்திருந்தது உண்மைதான். தாத்தாவின் வேலைக்குச் சத்தம் இருந்தது. என் வேலைக்கு இல்லை. கணினிமுன் அசையாமல் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை நான்கு முறை படித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்து, இவள் இப்போது தறியில் இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடுமா, குறையுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, ஷாங்காயில் 'சிட்ரிப்' என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நடந்தது. 2010 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம். ஸ்டான்ஃபோர்டின் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும், ஒற்றைப்படையாக இருந்தவர்கள் அலுவலகத்திலும் வேலை பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவது பாதியாகக் குறைந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இந்த 13 சதவீதத்தைச் சொல்வார்கள்.

இரண்டாவது ஆய்வு நம் சென்னையில் நடந்தது. கணினியில் தகவல் பதியும் வேலைக்கு ஆள் எடுத்து, யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் விரைவாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. வீட்டில் வேலை செய்யத்தான் விருப்பம் என்று முன்பே சொன்னவர்கள், வீட்டில் 27 சதவீதம் பின்தங்கினார்கள். அலுவலகத்தை விரும்பியவர்கள் வீட்டில் உட்கார்ந்தபோது பின்தங்கியது 13 சதவீதம்தான். வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்களே வீட்டில் அதிகம் தடுமாறினார்கள். குழந்தை, முதியவர் என்று கவனித்துக்கொள்ள ஆள் உள்ளவர்களும் ஏழைக் குடும்பத்தவர்களும்தான் வீட்டு வேலையை நாடும் நிலையில் இருக்கிறார்கள் என்பதோடு இந்த முடிவு பொருந்திப்போவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எந்தக் காரணத்துக்காக வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறதோ, அதுவே வேலையைப் பிடித்து இழுக்கிறது.

ஷாங்காய் ஆய்வில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வேலை செய்ய வீட்டில் தனி அறை வேண்டும். அது இல்லாதவர்களைச் சேர்க்கவே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இரண்டு வேலைகளுக்கும் ஆயிரம் வித்தியாசம் உண்டு. எல்லாவற்றையும் ஓர் அறையின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டில் ஐந்து பேரோடு இருக்கும் எனக்கு, அந்த நிபந்தனை 13 சதவீதத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதன்பின் என் சோம்பலைப் பற்றி நினைப்பதை விட்டேன். தறி எங்கே போடுவது என்று யோசித்தேன்.

தனி அறைக்கு வழியில்லை. ஹாலில் ஜன்னலோரம் நான்கடி இடத்தை எடுத்துக்கொண்டேன். அதுவரை டைனிங் டேபிள், கட்டில், சமையலறைத் திட்டு என்று கணினியோடு அலைந்தவள், அந்த நான்கடியைவிட்டு அதை எங்கும் கொண்டுபோவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தறியைத் தூக்கிக்கொண்டு யாரும் கட்டிலுக்குப் போவதில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்து, பாட்டி தந்த அரக்குநிறப் பட்டுத்துண்டைத் தொங்கவிட்டேன். துண்டு நாற்காலியின் முதுகில் கிடந்தால் நான் வேலையில் இருக்கிறேன். ஆணியில் தொங்கினால் கூப்பிடலாம். என் மகளுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. மாமியாருக்கு ஒரு மாதம் ஆயிற்று. இப்போது அவரே பக்கத்து வீட்டு அக்காவிடம், "துண்டு போட்டிருக்கா, அப்புறம் வா" என்கிறார்.

என் வேலைக்கு இன்னொரு குறையும் இருந்தது. நெசவில் செய்தது கண்ணுக்குத் தெரியும். நெய்த சேலை மடிப்பக்கம் உள்ள மரத்தில் சுற்றிக்கொண்டே வரும்; மாலையில் தாத்தா அதைச் சாணும் விரலுமாக அளந்து பார்ப்பார். பத்து, பதினைந்து நாள் எடுக்கும் ஒரு சேலையை அவர் ஒருபோதும் மொத்தச் சேலையாகப் பேசியதில்லை. "இன்னைக்கு ரெண்டு சாண்" என்பார். ஹார்வர்டின் தெரசா அமாபிலி, ஏழு நிறுவனங்களில் 238 பேரை அன்றாடம் நாட்குறிப்பு எழுதவைத்து, ஏறக்குறைய 12,000 பதிவுகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்களுக்கு வேலையில் மனம் நிறைந்த நாட்கள் எவை என்று பார்த்தால், பொருளுள்ள வேலையில் சிறிதாவது முன்னேறிய நாட்களே முன்னால் நின்றன. பாராட்டும் பரிசும் அதற்குப் பின்னால்தான்.

என் முன்னேற்றம் எங்கே இருந்தது? திருத்திய கோப்பு இணையம்வழி போய்விடும். மறுநாள் காலையில் திரையில் நேற்றைய சுவடே இருக்காது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பத்துப் பக்கம் திருத்தியதும் ஒரு கோடு. மாலையில் கோடுகளை எண்ணிப் பார்க்கிறேன். சிறுபிள்ளை வேலைபோல் இருக்கலாம். எனக்குச் சாண் அளக்க வேறு வழி கிடைக்கவில்லை. இன்னொன்றும் செய்கிறேன்: அன்றைய வேலையைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அடுத்து என்ன பார்க்கவேண்டும் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவைக்கிறேன். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், கோத்தபடி இருந்தால் காலையில் உட்கார்ந்ததும் மிதிக்கலாம்; புதிதாகத் தொடங்குவதுதான் கடினம்.

கைபேசி பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் 2009-ல் ஆய்வுசெய்து காட்டினார். என் கைபேசி வேலைநேரத்தில் சமையலறை அலமாரியில் இருக்கும். இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள்: இடுப்பும் கழுத்தும் வலித்தால் ஊக்கம் தங்காது, நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முன்பே பார்த்துவைத்து, அன்று அலுவலகம் போய்விடுகிறேன்.

அலுவலகம் போவதில் எனக்கு வேறு லாபமும் உண்டு. ஷாங்காய் ஆய்வு முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். காரணம் தனிமை. அதோடு, ஒரே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. பின்னர் அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்று புளூம் ஆராய்ந்தார். 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவில், வேலைத்தரமும் பதவி உயர்வும் குறையவில்லை. விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேட்டுப் பெறும் நிலையில் இருப்பவர்கள் இந்தக் கலப்பு முறையைக் கேளுங்கள் என்பேன்.

தாத்தாவின் தெருவில் தனிமை இல்லை. பாவு போடும் காலையில் தெருவே கூடி நிற்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார்கள். தெரு முழுக்க ஒரே நாளில் ஓய்வு. எனக்குத் தெரு இல்லை. ஒரு தோழி இருக்கிறாள், மதுரையில். காலை ஒன்பதரைக்குக் காணொளியில் இணைகிறோம், "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். பேசுவதே இல்லை. எதிரே ஒருத்தி குனிந்து வேலை செய்வது தெரிகிறது, அவ்வளவுதான். என் நோட்டில் அதிகக் கோடுகள் விழுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று இவ்வளவு நாள் நான் யோசித்ததில்லை. பெரும்பாலும் பாட்டி. அவள் விடியுமுன் எழுந்து சமைத்து, ராட்டையில் நாடாவுக்கு நூல் சுற்றி, கோர்வைக்கு உட்கார்ந்து, நடுவில் வந்தவருக்கு மோர் கொடுத்தாள். கூலி நோட்டில் தாத்தா பெயர் மட்டும் இருந்தது. தாத்தாவின் தறியை யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்ததற்குக் காரணம் சத்தம் மட்டுமில்லை. தொந்தரவுகள் அனைத்தையும் வாசலிலேயே வாங்கிக்கொள்ள ஒருத்தி இருந்தாள்.

2019-ல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒருநாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம், விடுப்பு முடிந்த தாய் இருதரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்ய வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 299 நிமிடத்தில் ஒன்றையும் அது குறைப்பதில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் கணினிமுன் உட்காரும் பெண்ணுக்கு, மனத்தை ஒருமுகப்படுத்து என்று புத்தி சொல்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. அவள் வாசலில் மோர் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இதை என் கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். சண்டையாக இல்லை, நோட்டைக் காட்டினேன். கோடு விழாத நாட்களில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தேன்: சிலிண்டர், தண்ணீர் கேன், கூரியர், பள்ளியிலிருந்து அழைப்பு, மாமனாருக்கு மருந்து. அவர் வெகுநேரம் படித்தார். அன்று மாலையே காஸ் ஏஜென்சி, தண்ணீர் கேன், பள்ளி மூன்றிலும் என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைக் கொடுத்தார். மருந்து வாங்குவதும் அவர் கணக்கில் போயிற்று. வெள்ளிக்கிழமை சமையலும் அவருடையது என்று முடிவாகி, முதல் இரண்டு வெள்ளி ஹோட்டலில் வாங்கினோம், மூன்றாவது வெள்ளி எலுமிச்சை சாதம் கிளறினார்.

இரண்டு மாதம் ஆகிறது. காலை பதினொரு மணிக்கு என் போன் ஒலிப்பதில்லை.