பூட்டிய பேக்கப் டிரைவ் திறக்காவிட்டால்...

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளைச் சுற்றி விடுதிகளும் மெஸ்களும் பெருகிய பிறகு, வாலாஜாபாத் பக்கத்து மளிகைக் கடைகளுக்கு மாதக் கணக்கு வியாபாரம் தவிர்க்க முடியாததாகிவிட்டது. சரக்கு இன்று போகும். பணம் அடுத்த மாதம் வரும். யார் எவ்வளவு பாக்கி என்பது முன்பு பேரேட்டில் இருந்தது. இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் நகல், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரு சிறிய வெளி ஹார்டு டிஸ்க்கில் பீரோவுக்குள் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் விவரம் அரசு இணையதளத்தில் கிடைத்துவிடும். பாக்கிக் கணக்கு அங்கே கிடைக்காது. சட்டமும் நம்மை விடுவதில்லை. வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு என்றால் 2030 டிசம்பர் 31 வரை.

ஆகவே அந்த டிரைவ் ஒரு நாள் திறக்க மறுத்தால் என்ன செய்வது என்பதை உறுப்பினர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பூட்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பீரோ பூட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டு அப்படியே இருக்கும். என்கிரிப்ஷன் அப்படி அல்ல; உள்ளே இருக்கும் எழுத்துகளே கலைத்து வைக்கப்படுகின்றன. சாவி இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தாலும் அர்த்தமற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். விண்டோஸில் இதைச் செய்யும் வசதிக்குப் பெயர் பிட்லாக்கர். வெளி டிரைவ்களுக்கு இது 2009ல் விண்டோஸ் 7உடன் வந்தது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தப் பூட்டைப் புதிதாகப் போட முடியாது. ஆனால் வேறு கம்ப்யூட்டரில் பூட்டிய டிரைவைப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம். இதை அறியாமல் புதுக் கம்ப்யூட்டரே சரியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். டிரைவைத் திறக்கும்போது 'இந்தக் கம்ப்யூட்டரில் தானாகத் திறக்கவும்' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டுவிட்டால் பிறகு பாஸ்வேர்டு கேட்காது. இரண்டு மூன்று வருடம் சௌகரியமாக ஓடும். அதற்குள் பாஸ்வேர்டு மறந்துபோகும். இந்தத் தானாகத் திறக்கும் ஏற்பாடு அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி. மின்னழுத்தம் ஏறி அது எரிந்துபோனாலோ, விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலோ டிரைவ் பாஸ்வேர்டு கேட்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால் பலர் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்குமுன், டிரைவ் திறந்திருக்கும்போதே கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய் 'ரெக்கவரி கீ'யைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ரெக்கவரி கீ என்பது 48 இலக்க எண். ஆறு இலக்கம் வீதம் எட்டுக் கட்டமாக இருக்கும். பாஸ்வேர்டு மறந்தாலும் இது இருந்தால் போதும். பூட்டும்போது இதைப் பேப்பரில் அச்சிட்டிருப்பார்கள், பைலாக வைத்திருப்பார்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருப்பார்கள். 'சிஸ்டம் ஆள்' வந்து அமைத்துக் கொடுத்த இடங்களில், யாருடைய மின்னஞ்சல் கணக்கு அது என்று விசாரிக்க வேண்டும். அவருடையதாக இருந்தால் உங்கள் கடைச் சாவி அவரிடம் இருக்கிறது என்று பொருள். திறக்கும் திரையில் எட்டு எழுத்து அடையாளக் குறி ஒன்று தெரியும். இரண்டு மூன்று கீ இருந்தால் எது இந்த டிரைவுக்கு உரியது என்று அதை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம்.

கையால் எழுதி வைத்த கீயில் 1ம் 7ம், 3ம் 8ம் குழம்புவது சகஜம். இதற்குக் கால்குலேட்டரிலேயே ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு ஆறு இலக்கக் கட்டமும் 11ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். உதாரணத்துக்கு, 123453ஐ 11ஆல் வகுத்தால் 11223 வரும், சரி. அதையே 123458 என்று படித்திருந்தால் மீதி வரும். மீதி வரும் கட்டத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் தவறு அகப்பட்டுவிடும். கணக்கில் ஊறிய நமக்கு இது கைவந்த கலைதானே!

பாஸ்வேர்டு நினைவிருந்தும் தவறு என்று வந்தால் கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பாஸ்வேர்டு திரையில் புள்ளியாகத் தெரிவதால் தமிழ் எழுத்து விழுவது கண்ணில் படாது.

டிரைவ் கண்ணுக்கே தெரியவில்லை, தெரிந்து தெரிந்து மறைகிறது என்றால் பெரும்பாலும் பூட்டு காரணமல்ல, கேபிளோ மின்சாரமோதான். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். நீல நிற 3.0 துளை 900 தரும். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது மிக ஆபத்தானது. 'பயன்படுத்துமுன் டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று விண்டோஸ் கேட்கும். கேட்கிறதே என்று சம்மதிக்க வேண்டாம். ஃபார்மேட் செய்தால் பூட்டைத் திறக்கத் தேவையான விவரங்களும் அழியக்கூடும். பிறகு கீ இருந்தும் பயனில்லை. டிரைவைப் பத்திரமாக எடுக்காமல் இழுத்ததாலோ, எழுதும்போது கரண்ட் போனதாலோ இந்தச் செய்தி வரலாம். ரெக்கவரி கீ கையில் இருந்தால், அதே அளவோ பெரிதோ உள்ள வேறொரு காலி டிஸ்க்குக்குக் கெட்டதிலிருந்து மீட்டு எழுதும் கருவி விண்டோஸிலேயே உண்டு. அதை விஷயம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். காலி டிஸ்க்கில் முன்பு இருந்தது எல்லாம் போய்விடும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஒன்றும் செய்யாமல் உடனே கழற்றிவிடுவதே உத்தமம்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற டிரைவ்களில் பூட்டு டிரைவின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஐந்து முறை தவறாகப் போட்டால் கழற்றி மறுபடி செருகித்தான் முயல முடியும். பாஸ்வேர்டு அடியோடு மறந்தால் அழித்துவிட்டுக் காலி டிரைவாகப் பயன்படுத்தலாம், கணக்கு திரும்பாது. டேலியில் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டவர்களுக்கும் இதே கதைதான். டிரைவ் திறந்தாலும் உள்ளே இன்னொரு பூட்டு இருக்கும்.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் டேட்டா மீட்புக்காரர்களிடம் கொண்டு போவதாக இருந்தால் ரெக்கவரி கீ இருக்கிறதா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களால் கெட்ட டிஸ்க்கைப் படித்து நகல் எடுக்க முடியும். கீ இல்லாமல் அந்த நகலையும் திறக்க முடியாது. கட்டணம் பேசுமுன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீ எழுதிய காகிதத்தை டிரைவோடு ஒட்டிக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து கணக்கைத் திரும்பப் பெற்றதும் வேறு டிரைவில் புதுப் பூட்டும் புதுக் கீயும் போட்டுக்கொள்ளலாம்.