சோப்புக்கட்டியா, திரவச் சோப்பா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரைகளையும் உணவு முறையையும் பற்றிக் கேட்டு முடித்தபின், நோயாளியின் குடும்பத்தார் தயங்கியபடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் கை கழுவ எந்தச் சோப்பை வைப்பது? மருத்துவமனையின் வாஷ்பேசின்களில் திரவச் சோப்பையே கண்டு பழகியவர்கள், பலர் தொடும் சோப்புக்கட்டியை அசுத்தமானது என்று எண்ணிவிடுகின்றனர். பெரிய புட்டி ஒன்றை வாங்குகின்றனர். அது பாதி தீர்ந்ததும், செலவைக் கருதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கின்றனர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரோ, சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்டவரோ, அறுவைப் புண் இன்னும் ஆறாதவரோ இருக்கும் வீட்டில் கவலைக்குரியது அந்தக் கட்டியன்று. தண்ணீர் கலந்த அந்தப் புட்டியே.

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்தால் சோப்பு உண்டாகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் இறுகிக் கட்டியாகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் இளகியோ திரவமாகவோ நிற்கும். எந்த வடிவில் இருந்தாலும், சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெய்ப் பசையை நாடும். தோலில் ஒட்டியுள்ள பசையை அது பெயர்த்தெடுக்கும்போது, அதில் தங்கியிருக்கும் கிருமிகளும் உடன் பெயர்ந்து நீரோடு போகின்றன. கொரோனா போன்ற, கொழுப்புறை கொண்ட வைரசுகள் சோப்பினால் சிதைவதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை சோப்பின் வேலை கொல்வதன்று, கழுவி அகற்றுவதே.

கடைகளில் ‘ஹேண்ட் வாஷ்’ என்று விற்கப்படும் திரவங்களுள் பல, நுட்பமாகச் சொன்னால், சோப்பே அல்ல. செயற்கை நுரைப்பொருள்களால் ஆனவை. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சோப்புக்கட்டி எளிதில் நுரைக்காது. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சேர்ந்து வெண்மையாகப் படியும். இத்திரவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலும், சோப்புக்கட்டி காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது; அதன் அளவு 5ஐ ஒட்டியது. திரவத்தைத் தோலின் அளவுக்கு நெருக்கமாகத் தயாரிக்க இயலும். நாளொன்றுக்குப் பதினைந்து இருபது முறை கை கழுவும் பராமரிப்பாளருக்கு இது சிறிய செய்தியன்று. வறண்டு வெடித்த கையில் கிருமிகள் தங்குவது எளிது; எரிச்சலுக்கு அஞ்சிக் கழுவுவதையே குறைத்துக்கொள்வோரும் உளர்.

இனி, பலர் தொட்ட கட்டியைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சோப்புக்கட்டிகளில் இருவகை பாக்டீரியாக்களை வேண்டுமென்றே ஏற்றினார்கள். வழக்கமாகப் பயன்படுத்திய கட்டியில் காணப்படுவதைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு. அக்கட்டிகளைக் கொண்டு 16 பேர் தம் வழக்கப்படி கை கழுவினர். ஒருவர் கையிலும் அந்த பாக்டீரியாக்கள் கண்டறியும் அளவில் இல்லை. கட்டியின் மேற்புறத்தில் உள்ளவை, தேய்த்து அலசும்போது நுரையோடு போய்விடுகின்றன. ஆய்வாளர்கள் சோப்பு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரவச் சோப்பு பற்றிய செய்தி வேறு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தொடக்கப்பள்ளி ஒன்றில் மேலே திறந்து ஊற்றி நிரப்பும் 14 சோப்புக் கலன்களை ஆராய்ந்தது. பதினான்கிலும் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. அச்சோப்பால் கை கழுவியவர்களின் கைகளில், கிராம் நெகட்டிவ் எனப்படும் வகைக் கிருமிகள் கழுவுவதற்கு முன் இருந்ததைவிட 26 மடங்கு கூடின. கழுவியதால் கை அசுத்தமாயிற்று! முத்திரையிட்ட பைகளை மாட்டும் கலன்களாக மாற்றியபின், ஓராண்டு கழிந்தும் அவற்றில் கிருமி காணப்படவில்லை. (அத்தகைய பைகளை விற்கும் நிறுவனத்தாருக்கும் இந்த ஆய்வில் பங்கு இருந்தது. இத்துறையில் முற்றிலும் சார்பற்ற ஆய்வைத் தேடுவது சற்றுக் கடினமே.)

காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கது. திரவச் சோப்பில் பெரும்பகுதி நீர். அது கெடாதிருக்கக் காப்புப்பொருள் அளவறிந்து சேர்க்கப்படுகிறது. நாம் தண்ணீர் ஊற்றினால் அந்த அளவு குலைகிறது. தண்ணீரோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. பழைய சோப்பின் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போனால், புட்டியின் அடியிலும் குழாயிலும் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்து, புதிய சோப்பையும் பற்றிக்கொள்ளும். நல்ல உடல்நலம் உள்ளவர்க்கு இதனால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கும், உடலில் குழாய் பொருத்தப்பட்டவர்க்கும் அவ்வாறு சொல்ல இயலாது. பாதி தீர்ந்த கலனில் மேலும் ஊற்றலாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கைத்தூய்மை வழிகாட்டி கூறுவது இதனால்தான்.

எனவே சிக்கனம் வேண்டுமெனில் திரவத்தை நீர்க்கச் செய்யாதீர்கள். சாதாரணச் சோப்புக்கட்டியை வாங்குங்கள். அதில் குறைவேதும் இல்லை. சிறிய கட்டியாக இருப்பது நன்று. நீர் வடியும் துளைகளுள்ள பெட்டியில் வைத்து, அடுத்த முறைக்குள் உலரவிடுங்கள். தேங்கிய நீரில் ஊறிக் கூழான கட்டியை எடுத்தெறியத் தயங்க வேண்டாம். நோயாளிக்குத் தனிக்கட்டி இருக்கட்டும். திரவமே வசதியெனில், புட்டி முழுவதும் தீர்ந்தபின் அதையும் அழுத்துவிசையின் குழாயையும் கழுவி, நன்கு காயவைத்து, அதன்பின் ரீஃபில் பாக்கெட்டை ஊற்றுங்கள். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்க்கும், மூட்டுவலியால் விரல் மடங்காதவர்க்கும் கட்டி வழுக்கி விழும். அவர்களுக்கு அழுத்தும் புட்டியே உகந்தது.

‘கிருமிநாசினி’ என்று அச்சிட்ட சோப்புக்குக் கூடுதல் விலை தர வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், சோப்பிட்டுக் கை கழுவிய குடும்பங்களின் குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சாதாரணச் சோப்பும் கிருமிநாசினிச் சோப்பும் ஒரே அளவில் பயன் தந்தன. ஆனால் அறுவைக்கு முந்திய குளியலுக்கோ, வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கோ குறிப்பிட்ட மருந்துத் திரவத்தை உங்கள் மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். அதற்குச் சோப்பு ஈடாகாது.

எதைக் கொண்டு கழுவினாலும், நனைப்பது முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடிகள் ஆக வேண்டும். கட்டைவிரலும் நகக்கண்களும் விடுபடாமல் தேய்த்து, ஓடும் நீரில் அலசி, நோயாளியின் துண்டை எடுக்காமல், உங்களுக்கென வைத்த உலர்ந்த துண்டால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.