மணவுறவும் மணிமுடியும்

வாளாற் கொள்ளும் நாடும் உண்டு. மணமாலையாற் கொள்ளும் நாடும் உண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் நெறியால் உயர்ந்தோருள் தலையாயவர் ஒஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் மரபினர். அவர்தம் ஏற்றத்துக்குக் காரணமாயிருந்த மணவுறவே அவர்தம் இறக்கத்துக்கும் வித்தாயிற்று.

அக்காலத்தில் நாடென்பது அரச குடும்பத்தின் முதுசமாகவே கருதப்பட்டது. ஆண் வழி அற்றவிடத்துப் பல நாடுகளில் உரிமை பெண் வழிச் சென்றது. 1477ஆம் ஆண்டில் மாக்சிமிலியன் பேர்கண்டிக் கோமகள் மேரியை மணந்தான். செல்வம் கொழித்த நெதர்லாந்து அவன் குடிக்குரியதாயிற்று. 1496இல் அவர் மகன் பிலிப்பு, ஸ்பானிய இளவரசி ஜுவானாவை மணந்தான். அவளுக்கு முன்னே முடியுரிமை உடையோர் பலர் இருந்தனர். ஆயின் 1497இல் தமையனும், 1498இல் தமக்கையும், 1500இல் தமக்கையின் குழந்தையும் இறந்தனர். ஆகவே ஜுவானாவின் மகன் சாள்சு 1516இல் ஸ்பானியாவுக்கும் அதன் அமெரிக்க நாடுகளுக்கும் அரசனானான். 1519இல் பேரரசனாகவும் தெரிவு செய்யப்பட்டான்.

மணம் நாடுகளைச் சேர்த்ததேயன்றி மக்களை ஒன்றாக்கவில்லை. சாள்சின் மகன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியை எதிர்த்து நெதர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவருள் வடபகுதியாரே நாம் ஒல்லாந்தர் என்போர். அவர்தம் போர் 1568 முதல் 1648 வரை நீடித்தது.

இவ்வலை ஈழக் கரையையும் மோதிற்று. பிலிப்பின் தாய் போர்த்துக்கல் இளவரசி. அவ்வுரிமையாலும் படைவலியாலும் அவன் 1580இல் போர்த்துக்கலின் முடியைப் பெற்றான். ஒல்லாந்தரின் பகை போர்த்துக்கேயரின் கீழைத்தேச உடைமைகள்மேலும் பாய்ந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டபொழுது அவர்க்கு அரசனாயிருந்தவனும் ஹப்ஸ்பேர்க் மரபினனே. 1640இல் போர்த்துக்கல் பிரிந்த பின்னரும் ஒல்லாந்தரின் முயற்சி ஓய்ந்திலது. 1658இல் யாழ்ப்பாணம் அவர் வசமாயிற்று.

சேர்த்த நாடுகள் பிறர் கைக்குப் போகாதிருக்க, அம்மரபினர் தலைமுறை தலைமுறையாகத் தம்முள்ளேயே மணந்தனர். நான்காம் பிலிப்பு தன் சகோதரியின் மகளையே மணந்தான். அவர்தம் மகன் இரண்டாம் சாள்சு வாழ்நாள் முழுதும் நோயால் வருந்தி, 1700இல் மகப்பேறின்றி இறந்தான். அவன் தமக்கையைப் பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1660இல் மணந்திருந்தான். அவள் தன் முடியுரிமையைத் துறந்தவள். எனினும் பேசிய சீதனமாகிய 5,00,000 பொற்காசு கொடுபடாமையின் அத்துறவு செல்லாதென வாதித்தனர் பிரான்சியர். சாள்சின் மரணசாசனப்படி லூயியின் பேரன் அரியணை ஏறினான். பிரான்சும் ஸ்பானியாவும் ஒரு குடைக்கீழ் வருமோவென அஞ்சிய அரசுகள் போர் தொடுத்தன. 1701 முதல் 1714 வரை ஐரோப்பா குருதியில் நனைந்தது.

மணப்பந்தரில் எழுதப்பெற்ற உடன்படிக்கையின் விலையைப் போர்க்களத்திற் கொடுத்தோர் குடிமக்களே. அவர்தம் இசைவையோ எவரும் கேட்டிலர்.