பழைய வண்டிக்கு முட்டுக் கொடுக்கலாமா?

வீடு சாய்ந்தால் முட்டுக் கொடுப்பது உலக வழக்கு. எனினும், சாய்வின் காரணத்தை ஆராயாது முட்டுக் கொடுப்பவன் பொருளையும் இழப்பான், வீட்டையும் இழப்பான். எந்தையார் நாடோறும் ஓட்டும் பழைய அம்பாசிடர் வண்டியைப்பற்றி எம் வீட்டில் எழுந்த வினாவும் இத்தகையதே. மேடு பள்ளங்களில் அது முனகிற்று, வளைவுகளில் தள்ளாடிற்று. பட்டறைக்காரர் ஒருவர், அடியில் இரும்புச் சட்டங்களை வைத்துப் பற்றவைத்தால் வண்டி விறைத்து நிற்கும் என்றார். அதற்கு அவர் கேட்ட தொகை என் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தை ஒத்திருந்தது. ஆதலின் ஆராயத் தலைப்பட்டேன்.

லாரிக்கு ஏணி போன்ற தனி அடிச்சட்டம் உண்டு, அம்பாசிடருக்கு அஃதில்லை. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பெற்ற இவ்வண்டியில், தரைத்தகடு, கதவின் கீழுள்ள பெட்டிவிட்டம், தூண், கூரை யாவும் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்டுள்ளன. உடலே இங்கு எலும்பாகவும் நிற்கின்றது.

காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை நன்கு ஒட்டி முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. அதனையே நெடுகக் கீறிவிட்டு முறுக்குங்கள், உடனே நெகிழும். காகிதம் குறையவில்லை, மூடிய வடிவம் கெட்டது. பெட்டிவிட்டத்தைத் துரு அரித்துத் திறக்குங்கால் நேர்வதும் இதுவே. அப்போது சக்கரம் மேட்டில் ஏறுந்தோறும் ஸ்பிரிங்கு அசைவதோடு உடலும் முறுகும். சக்கரத்தின் திசையும் சிறிது பிறழும்.

இதனை அறியும் வழி எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றைச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கிக்குரிய இடத்தில் ஒரு மூலையை மட்டும் உயர்த்துக. வண்டிக்குள்ளும் அடியிலும் ஒருவரும் இருத்தலாகாது. அந்நிலையில் கதவுகள் முன்போலவே திறந்து மூடினும், அவற்றின் இடைவெளி மாறாதிருப்பினும், உடல் பெரும்பாலும் நலமே. முனகலுக்கும் தள்ளாட்டத்திற்கும் காரணம் தேய்ந்த ரப்பர் புஷ்களோ, சோர்ந்த ஷாக் அப்சார்பர்களோ, பழைய டயர்களோ ஆகலாம். கதவு சிக்குமாயின் துருவையும் விட்ட பற்றுக்களையும் தேடல் வேண்டும்.

துருப்பிடித்த மெல்லிய தகட்டில் தடித்த இரும்பைப் பற்றவைத்தால், சட்டம் உறுதியாய் நிற்கும். அதன் முனையிலுள்ள தகடு கிழியும். பற்றவைக்கும் வெப்பம் உட்புற வர்ணத்தை எரித்துப் புதுத் துருவுக்கு இடந்தரும். வண்டியின் எடையும் கூடும். என்ஜினுக்குமேல் குறுக்கே பூட்டும் கம்பியும் இவ்வண்டிக்குப் பெரிதும் உதவாது. ஏனெனில், இதன் முன்சக்கரச் சுமை முறுக்குக் கம்பிகளின் வழியாகத் தரையடி விட்டத்தையே சாரும். பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு மிகுந்த விறைப்பு வேண்டும்; சந்தைக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் வண்டிக்கு, பிறந்தபோதிருந்த உறுதி மீண்டால் போதும்.

எம் வண்டியைச் சோதித்தபோது இடப்புறப் பின்கதவு சிக்கிற்று. மிதியடியை நீக்கினோம், பெட்டிவிட்டம் ஒரு சாண் நீளம் அரித்திருந்தது. அரித்த தகட்டை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத்தகட்டைப் பற்றவைத்துப் பெட்டியை மீண்டும் மூடினர். புஷ்களையும் மாற்றினோம். முனகல் நின்றது, கதவு செவ்வனே பொருந்திற்று. கேட்ட தொகையில் பாதியும் செலவாகவில்லை. அதனினும் பெரிது ஒன்றுண்டு: புதுச் சட்டத்தை நம்பி அத்துருவின்மேலேயே எம் குடும்பம் ஏறிச் சென்றிருக்கும், அது நேரவில்லை.

ஆதலின், முதலில் சோதனை, அடுத்துத் துரு நீக்கம், அதன்பின் தேய்ந்தவற்றை மாற்றல். இவை முடிந்தும் குறை நின்றால் மட்டுமே முட்டு.