வலி காலில், வம்பு முதுகில்

1956ஆம் ஆண்டு. நியூசிலாந்தின் வெலிங்டனில் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சியிடம் ஒருவர் வந்தார். மூன்று வாரமாகப் பிட்டத்திலிருந்து முழங்கால் வரை வலி. உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையில் மூழ்கிவிட்டார். கட்டிலின் தலைமாடு உயர்த்தப்பட்டிருந்தது. நோயாளியும் அப்படியே படுத்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து வந்த மெக்கன்சி திடுக்கிட்டார். இடுப்பு பின்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது. அப்படி வளைவது ஆபத்து என்பதே அன்றைய பாடம். நோயாளியோ, கால் வலி போய்விட்டது, இப்போது இடுப்பின் நடுவில்தான் கொஞ்சம் இருக்கிறது என்றார்.

சயாட்டிகா என்ற தொல்லையின் சாரம் இதிலேயே அடங்கியிருக்கிறது. குடைவது கால், கோளாறு இருப்பது பெரும்பாலும் கீழ்முதுகில்.

உடலின் மிகத் தடித்த நரம்பு சயாட்டிக். கீழ்முதுகில் ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகி, பிட்டத்தின் ஆழத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகச் சென்று, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கி இந்த வேர்களில் ஒன்றைத் தொடும்போது, அந்த வேர் ஆளும் இடமெல்லாம் சுண்டி இழுக்கும். பெருவிரல் பக்கம் மரத்துப்போனால் ஒரு வேர், சுண்டுவிரலும் குதிகாலும் என்றால் அதற்கு அடுத்த வேர். இருமினாலும் தும்மினாலும் சுரீரென்று ஏறுவதும் இதனால்தான்.

‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். டிஸ்குக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் தெளிவாக நிறுவினார்கள். ஆனால் நசுக்கப்படுவது மட்டும் காரணமல்ல. டிஸ்கின் உள்ளிருக்கும் கூழ் நரம்பின் மேல் பட்டாலே அழற்சி உண்டாகிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் குஸ்லிச் என்ற அறுவை மருத்துவர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நோயாளிகள் விழித்திருக்கும்போதே அறுவை செய்து ஒவ்வொரு திசுவாகத் தொட்டுப் பார்த்தார். வீங்கிச் சிவந்த நரம்பு வேரைத் தொட்டபோது பழைய கால் வலி அப்படியே திரும்பியது. நல்ல நிலையிலிருந்த வேரை அழுத்தியபோது அந்த வலி வரவில்லை.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. பிதுங்கி வெளியே வந்த கூழை உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாகக் கருதி மெல்லமெல்லக் கரைக்கின்றன. பலருக்கும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் வலி குறைவதற்கு இது ஒரு காரணம்.

அதுவரை என்ன செய்வது? ‘அசையாமல் படுத்துக் கிட’ என்பதுதான் வழக்கமான புத்திமதி. நெதர்லாந்தில் 183 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேர் இரண்டு வாரம் படுக்கையில். மற்றவர்கள் முடிந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நடமாடினார்கள். 1999இல் வெளியான முடிவு: 12 வாரத்தில் இரு அணியிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் ஏதுமில்லை.

ஆகவே, வலி தாங்க முடியாத ஓரிரு நாள் ஓய்வு போதும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் இடையில் ஒன்று. புதைகிற சோபாவில் நெடுநேரம் உட்காராமல், அடிக்கடி எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் பலருக்கு இதமாக இருக்கும். சிலருக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளும். குனிந்து குடம் தூக்குவதைச் சில வாரம் தள்ளிப்போடலாம். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

பின்னாளில் மெக்கன்சி வகுத்த பயிற்சிகளில் எளியது: குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மெதுவாக உயர்த்துவது. வலி காலை விட்டு இடுப்பை நோக்கி ஏறினால் நல்ல அறிகுறி, தொடரலாம். காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் இது பொருந்தாது. முதல் முறை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது நல்லது.

மருந்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். நரம்பு வலிக்கு என்று பரவலாகத் தரப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவில் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வலி மாத்திரைகளை வயிறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக விழுங்கக் கூடாது. ஸ்கேனைப் பார்த்து மிரளவும் வேண்டாம்: ஒரு வலியும் இல்லாத இருபது வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கிறது.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம். நடக்கும்போது பாதம் தொங்கிப் போவது, இரு கால்களிலும் வலி, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகியும் கால் வலி அடங்காதவர்கள் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அது வலியைச் சீக்கிரம் குறைக்கிறது. ஆனால் ஓராண்டு முடிவில், முதலில் பொறுத்திருந்து பார்த்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள் என்பது 2007இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வின் முடிவு.